சின்ன சாமான், பெரிய கேள்வி

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, "எதைப் பத்தி வேணும்னாலும் எழுதுங்கப்பா, ஆனா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாட்டுப்பற்று, சுற்றுச்சூழல், எதிர்கால இந்தியா என்று எழுத நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு பிளாஸ்டிக் சாமானைப் பற்றி. மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயின் முனையில், 'டிக்' என்று மாட்டி 'டிக்' என்று கழற்றுகிற இணைப்பு. மேனுவலில் இதற்குக் குயிக் கனெக்டர் என்று பெயர். எங்க மாமா கடையில் இதற்குப் பெயர் 'பெட்ரோல் லாக்'.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் ஊர்ப் பழமொழி. இந்தக் காலத்து வண்டியின் அச்சாணிகளில் ஒன்று இந்த லாக். இதைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், போன வருஷம் வரைக்கும் எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். தெரிந்த அரைகுறையையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமா கடையில் நடந்தது

திண்டுக்கல் நத்தம் ரோட்டில் மாமாவுக்கு ஒரு டூ வீலர் ஒர்க்ஷாப். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி ஸ்பேனர் பிடித்தவர். வண்டிச் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். லீவு நாட்களில் நான் அங்கேதான் இருப்பேன்.

போன வருஷம் மே மாதம் ஒரு பால்காரர் அண்ணன் தன் வண்டியைக் கொண்டுவந்தார். பி.எஸ்.6 வண்டி. டேங்கைத் தூக்கும்போது லாக் கழறவில்லை. அவசரத்தில் மாமா ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பினார். பிளாஸ்டிக் காது பட்டென்று ஒடிந்துவிட்டது. லாக் மட்டும் தனியாகக் கிடைக்காது, குழாயோடு சேர்த்து முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் ஆர்டர் போட்டு ஒரு வாரம் ஆகும் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொன்னார்கள். பால்காரர் அண்ணனோ, "காலைல நாலு மணிக்கு வண்டி வேணும் அண்ணே" என்று நின்றார்.

மாமா என்ன செய்தார்? ஒடிந்த லாக்கை வெட்டி எடுத்தார். கடையில் தொங்கிய பெட்ரோல் டியூபில் ஒரு சாண் வெட்டி இரண்டு பக்கமும் சொருகினார். கிளிப்பைப் போட்டு முறுக்கினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அண்ணன் சந்தோஷமாகப் போனார்.

டேங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவன் நான். 'இது கார்புரேட்டர் வண்டி டியூப் ஆச்சே, பம்ப் வண்டிக்குத் தாங்குமா?' என்று மனதுக்குள் ஓடியது. வாய் திறக்கவில்லை. முப்பது வருஷம் வண்டி பார்த்தவர் முன்னால் நான் என்ன சொல்ல?

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பால்காரர் அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். டேங்குக்கு அடியில் பெட்ரோல் வாசம் குப்பென்று அடித்தது. டியூப் ஊதிப்போய், கிளிப் நழுவி, எஞ்சின் பிளாக்கின் மேலே ஈரம் படிந்திருந்தது. "ரெண்டு நாளாவே வாசம் வந்துச்சு. டேங்க் மூடி சரியில்ல போலன்னு நெனச்சேன். இப்பத்தான் பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு வர்றேன்" என்றார்.

மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, இது தாங்காதுன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகமா இருந்துச்சு மாமா."

"அப்புறம் ஏன்டா சொல்லல? அடிக்கவா போறேன்?"

என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு மடங்கு என்ற கணக்கு

நம் ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தானாக இறங்குகிறது. டேங்கின் பெட்ரோல் மட்டம் கார்புரேட்டருக்கு மேலே 40 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 740 கிலோ. அடர்த்தி, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 2,900 பாஸ்கல் சொச்சம் வரும். அதாவது 0.03 பார். அந்த அழுத்தத்துக்கு டியூபைச் சும்மா சொருகி வைத்தாலே நிற்கும். நம் அப்பா, மாமா காலத்து அனுபவமெல்லாம் இந்த 0.03 பார் அனுபவம்தான்.

எஃப்.ஐ. வண்டியில் டேங்குக்குள் மின்சார பம்ப் இருக்கிறது. அழுத்தம் வண்டிக்கு வண்டி மாறும், சரியான அளவு அந்தந்த சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆனாலும் ஏறத்தாழ 3 பார் என்பது பொதுவாகக் காணப்படும் அளவு. 3-ஐ 0.03-ஆல் வகுத்துப் பாருங்கள். நூறு மடங்கு! பார்ப்பதற்கு அதே குழாய்தான், அதே பெட்ரோல்தான். உள்ளே வேலை செய்கிற அழுத்தம் நூறு மடங்கு.

இன்னொரு கணக்கும் போடலாம். 3 பார் அழுத்தத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாக பெட்ரோல் எந்த வேகத்தில் பீச்சும்? பெர்னோலி சமன்பாட்டில் போட்டால், உராய்வு இழப்பைக் கழிக்காமல், நொடிக்கு 28 மீட்டர் வரும். மணிக்கு 100 கி.மீ.! பெட்ரோல் ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடுகிற பொருள். அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் மேலே போகாது, கீழே எஞ்சின் பக்கமாகவே இறங்கும். அங்கே சூடான சைலன்சர் இருக்கிறது, ஸ்பார்க் பிளக் வயர் இருக்கிறது, பேட்டரி இணைப்பு இருக்கிறது. பாப்பா உட்கார்ந்திருந்த சீட் அதற்கு ஒரு முழம் தூரத்தில்.

"வண்டி விழுந்தா பம்ப் தானா நின்னுடுமே" என்று சிலர் கேட்கலாம். வண்டி சாய்ந்தால் நிற்க சென்சார் இருக்கிறது, உண்மை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் குழாய் ஒழுகினால், பெரும்பாலான சின்ன வண்டிகளில் அதைக் கண்டுபிடிக்க ஏற்பாடு கிடையாது. எஞ்சின் சுற்றுகிறவரை பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும்.

லாக்கின் உள்ளே என்ன இருக்கிறது?

ஒடிந்த லாக்கை அன்றைக்கு நான் குப்பையில் போடவில்லை. ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே வேலைக்காரர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தர் ஓ-ரிங். பெட்ரோல் ஒழுகாமல் பார்ப்பது அவர் வேலை. இன்னொருத்தர் பிடிப்பான். பம்ப் பக்கத்துக் குழாயில் ஒரு விளிம்பு இருக்கும், அதன் பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டு குழாய் கழன்று வராமல் பார்ப்பது அவர் வேலை. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் செய்ய முடியாது. பிடிப்பான் ஒடிந்தால் ஓ-ரிங் நன்றாக இருந்தும் பயனில்லை. ஓ-ரிங் காய்ந்து வெடித்தால் பிடிப்பான் இரும்பாக இருந்தாலும் பயனில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும்.

இன்னொன்றும் பார்த்தேன். லாக்கின் மறுமுனையில் இருக்கிற நைலான் குழாய் இயந்திரத்தால் அழுத்தி ஏற்றியது. கையால் இழுத்து வேறு குழாய் மாட்டுவதற்காகச் செய்ததல்ல. அதனால்தான் முழு செட்டாக விற்கிறார்கள். கோபம் வரத்தான் செய்கிறது, ஆனால் காரணம் இல்லாமல் இல்லை.

மெட்டல் போட்டால் போதுமா?

இந்த விஷயத்தைச் சொன்னதும் என் வகுப்பு நண்பன் ஒருவன், "விடுறா, மெட்டல் லாக் ஆர்டர் போட்டுடலாம். செவப்பு கலர்ல சூப்பரா இருக்கும்" என்றான். அப்கிரேடு என்றால் நம்மில் பல பேருக்கு இதுதான் அர்த்தம். அவன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதி எது என்று பார்ப்போம்.

நம் சீனியர் அண்ணன் ஒருவர் சென்னையில் வெளிநாட்டு வண்டிகள் வரும் ஒர்க்ஷாப் ஒன்றில் அப்ரண்டிஸாக இருக்கிறார். பொங்கலுக்கு வந்தபோது ஒரு ஒடிந்த கனெக்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. வண்டியுடையது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த ஆர்1150, கே1200 போன்ற வரிசைகளில் டேங்கைச் சுலபமாகக் கழற்றுவதற்காகப் பெட்ரோல் போகும் குழாயிலும், மிச்சப் பெட்ரோல் திரும்பி வரும் குழாயிலும் பிளாஸ்டிக் குயிக் கனெக்டர் வைத்தார்கள். எஞ்சின் சூட்டிலேயே வருஷக்கணக்காக இருந்து பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிடும். ஒரு நாள் டேங்கைத் தூக்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்தாலும் ஆண் முனை பட்டென்று ஒடியும். அத்தனை விலையுள்ள வண்டி, அந்த இடத்தில் நம்ம பால்காரர் அண்ணன் வண்டி மாதிரிதான்!

அந்த வண்டிக்காரர்கள் உலகம் பூராவும் செய்த அப்கிரேடு, குரோம் பூசிய பித்தளைக் கனெக்டர். இரண்டு பாதியிலும் வால்வு இருக்கும், கழற்றினால் இரண்டு பக்கமும் தானாக அடைத்துக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு குழாயில் டேங்க் பக்கம் ஆண் முனையும், இன்னொரு குழாயில் டேங்க் பக்கம் பெண் முனையும் வைத்து மாட்டுவார்களாம். ஏன் தெரியுமா? போகும் குழாயையும் வரும் குழாயையும் மாற்றி மாட்டவே முடியாது! இந்த யோசனையைக் கேட்டபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. அப்கிரேடு என்றால் இதுதான் நண்பர்களே. எது உடைகிறது, ஏன் உடைகிறது என்று பார்த்து, அந்தக் காரணத்தையே ஒழிப்பது.

ஆனால் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "மெட்டல் போட்டாலும் உள்ள ரப்பர்தான்டா தம்பி. ஓ-ரிங் போச்சுன்னா பித்தளையும் ஒழுகும்." ஓ-ரிங்கை மறந்துவிட்டு உடம்பை மட்டும் மாற்றுவது, பல்லுக்கு வலி வந்தால் தலைக்கு எண்ணெய் வைப்பது மாதிரி.

இங்கே எத்தனால் வருகிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் சில பங்குகளில் விற்பனைக்கு வந்தது. இப்போது பொதுவாகக் கிடைப்பதே அதுதான். எத்தனாலுக்குச் சில வகை ரப்பரை ஊற வைக்கும் குணம் உண்டு, தண்ணீரை இழுக்கும் குணமும் உண்டு. சாதாரண நைட்ரைல் ரப்பரைவிட, விட்டான் என்ற பெயரில் நாம் அறிந்த ஃபுளோரோ ரப்பர் பொதுவாக இதை நன்றாகத் தாங்கும். குழாயிலும் வித்தியாசம் உண்டு. நல்ல குழாயின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். எஸ்.ஏ.இ. தரத்தில் ஆர்6, ஆர்7 என்றால் கார்புரேட்டர் மாதிரி குறைந்த அழுத்தத்துக்கு. ஆர்9 என்றால் எஃப்.ஐ. வண்டிக்கு. மாமா கடையில் தொங்கிய டியூபில் ஒரு எழுத்துகூட இல்லை.

என் நண்பனின் சிவப்பு லாக்குக்கு வருவோம். அது எந்த விட்டத்துக்கு? பம்ப் முனையின் விளிம்பு அதற்குப் பொருந்துமா? உள்ளே என்ன ரப்பர்? வால்வு இருந்தால், அது எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோலைக் குறைக்காமல் விடுமா? கனமான மெட்டல் லாக்கைப் பம்பின் பிளாஸ்டிக் மூக்கில் தொங்கவிட்டால், குண்டு குழியில் ஆடி ஆடி அந்த மூக்கே ஒடியாதா? லாக் ஒடிந்தால் குழாய் செட்டோடு போகும். மூக்கு ஒடிந்தால் பம்ப் முழுசும் மாற்ற வேண்டும். இந்த ஐந்து கேள்விக்கும் பதில் தெரிந்தால் தாராளமாக வாங்கட்டும். தெரியாவிட்டால் நம்ம ஊர் 125 சி.சி. வண்டிக்கு நல்ல அப்கிரேடு, கம்பெனி செட்டைப் புதிதாகப் போடுவதுதான். பளபளப்பு குறைவு, தூக்கம் நிம்மதி.

கழற்றுவதற்கும் ஒரு முறை உண்டு

ஒடிவதில் பாதி நம் கையால்தான். மாமாவும் நானும் மேனுவலைப் பார்த்து இப்போது கடையில் வைத்திருக்கும் வழக்கத்தை எழுதுகிறேன். முதலில் பம்புக்குப் போகும் மின் கப்ளரைக் கழற்று. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, குழாயில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து அதுவாக நிற்கும்வரை விடு. பேட்டரி நெகடிவைக் கழற்று. எஞ்சின் ஆறட்டும். லாக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடை. துணியைச் சுற்றி, முதலில் லாக்கை உள்பக்கம் தள்ளி, பிறகு காதை அழுத்தி நேராக இழு. ஸ்க்ரூ டிரைவர் கூடாது. பீடி, சிகரெட் பத்தடிக்குள் கூடாது.

மாட்டும்போது ஓ-ரிங் இடத்தில் இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா பார். 'டிக்' சத்தம் வரும்வரை தள்ளு. சத்தத்தை நம்பாதே, கையால் ஒரு தரம் இழுத்துப் பார். பிறகு பம்ப் கப்ளரையும் பேட்டரியையும் இணைத்து, சாவியை ஆன் செய்தால் பம்ப் ஓரிரு விநாடி ஓடி நிற்கும். அப்படி மூன்று நான்கு தடவை செய்து, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பார்த்த பிறகே வண்டியை ஸ்டார்ட் செய்.

இதற்கு ஆகும் நேரம் கால் மணி. பால்காரர் அண்ணன் வண்டிக்கு மாமா தன் கைக்காசு போட்டு முழு செட் வாங்கி மாட்டினார். அந்த ஒரு வாரமும் தன் பழைய வண்டியை அவருக்குப் பால் ஊற்றக் கொடுத்தார்.

யார் குற்றம்?

மாமா மேல் பழி போட்டுவிட்டுப் போவது சுலபம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்து, நம் ஊர் வண்டிகள் ஏறத்தாழ எல்லாமே எஃப்.ஐ. ஆனபோது, ஷோரூம் மெக்கானிக்குக்கு டிரெயினிங் கிடைத்தது. ரோட்டோர மெக்கானிக்குக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வாரண்டி முடிந்த வண்டிகள் கடைசியில் வந்து சேர்வது மாமா மாதிரி ஆட்களிடம்தான். அவர்கள் கையில் மேனுவல் இல்லை. தனி லாக் விற்பனைக்கு இல்லை. வாடிக்கையாளருக்கு வண்டி நாளைக் காலையில் வேண்டும். இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் கையில் கிடைத்த டியூபைத்தான் வெட்டுவார்.

அப்படியானால் நம் பங்கு என்ன? நம் லேபில் வெட்டித் திறந்த கார்புரேட்டர் பளிச்சென்று பெயிண்ட் அடித்து நிற்கிறது. அது இருக்கட்டும், அடிப்படை தெரிய அதுவும் வேண்டும். பக்கத்தில் ஒரு எஃப்.ஐ. பம்பும் அறுத்துத் திறந்து நிற்க வேண்டாமா? சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தைகளில் தேடினால் பழுதான பம்ப் கிடைக்காமலா போகும்? அறுக்க ஹாக்ஸா நம்மிடம் இருக்கிறது. செலவு ஒரு டூர் பஸ்ஸில் இரண்டு சீட் காசுகூட ஆகாது.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, இந்த மலர் விளம்பரத்தில் மிஞ்சும் பணத்தில் அப்படி ஒரு பம்பும், நாலைந்து வகை கனெக்டரும் வாங்கி லேபுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு, வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றுவட்டார ஒர்க்ஷாப்காரர்களை நம் கல்லூரிக்கு அழைக்க வேண்டும். அவர்களுக்கு நாம் பாடம் நடத்த அல்ல. அவர்கள் கை அனுபவத்தை நாம் கேட்போம். நாம் படித்த கணக்கை அவர்களுக்குச் சொல்வோம். டீயும் வடையும் போதும், பொன்னாடை வேண்டாம்.

மூன்றாவது வேண்டுகோள் உங்களுக்கும் எனக்கும். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று நாம் வளர்ந்திருக்கிறோம். மரியாதை நல்லதுதான். ஆனால் "மாமா, இந்த டியூப்ல எழுத்து ஒண்ணும் இல்லையே, பாத்தீங்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அதைக் கேட்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். கேட்காததால் ஒரு சின்னப் பிள்ளை மூன்று வாரம் அந்த டியூபுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனது.

அறுத்த லாக்கை என் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் வகுப்புக்கு வாருங்கள். ஜன்னலோரம் கடைசி பெஞ்ச்.

சிந்திப்போம். சொல்வோம்.